பதவி உயர்வு எந்தத் தேதியிலிருந்து? ராணுவ அதிகாரிகளின் பணிமூப்புத் தகராறு: ஓர் எளிய விளக்கம்

இந்தியத் தரைப்படையில் லெப்டினன்ட் கர்னல் ஒருவர் கர்னல் ஆகும்போது, தோளில் இருக்கும் சிங்க முத்திரையோடு இரண்டாவது நட்சத்திரம் சேரும். படம் எடுப்பார்கள், இனிப்பு கொடுப்பார்கள். அந்த நாள்தான் அவருடைய பதவி உயர்வுத் தேதி என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். காகிதத்தில் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே பதவி உயர்வுக்கு நான்கு தேதிகள்வரை இருக்கலாம். தகராறு என்று வருபவர்களில் பலர், எந்தத் தேதியோடு சண்டை போடுகிறோம் என்பதே தெரியாமல் புகார் எழுதுகிறார்கள். பாதி வழக்கு அங்கேயே தோற்றுப்போகிறது.

முதலாவது மூப்புத் தேதி. உடன் பணிபுரியும் அதிகாரிகளின் வரிசையில் யாருக்கு முன், யாருக்குப் பின் என்பதை அது தீர்மானிக்கும். இரண்டாவது, அந்தப் பதவிக்குரிய பொறுப்பை நேரில் ஏற்ற தேதி. மூன்றாவது, புதிய சம்பளம் ஓடத் தொடங்கும் தேதி. நான்காவது, உத்தரவோ அரசிதழ் அறிவிப்போ வெளியான தேதி. பாதுகாப்பு அமைச்சகத்தின் நியமனம், பதவி உயர்வு அறிவிப்புகள் இந்திய அரசிதழின் பகுதி 1, பிரிவு 4இல் வரும். பதவி உயர்வு நடந்து பல மாதம் கழித்துகூட அது அச்சாகலாம். ஆகவே அரசிதழின் மேல் போட்டிருக்கும் தேதியைப் பார்த்துப் பதற வேண்டாம். உள்ளே 'இந்தத் தேதி முதல்' என்று என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே சொல்வது இந்தியப் படைகளைப் பற்றி. உதாரணங்கள் தரைப்படையிலிருந்து. கடற்படையிலும் விமானப்படையிலும் அலுவலகப் பெயர்களும் சட்டப் பிரிவு எண்களும் மாறும். பாதை ஏறக்குறைய இதேதான்.

தானாக வரும் உயர்வும் தேர்ந்தெடுத்து வரும் உயர்வும்

அதிகாரிகளின் பதவி உயர்வு முறையை ஆராய்ந்த ஏ.வி. சிங் குழுவின் பரிந்துரை 2004 டிசம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தபின், கமிஷன் (அதிகாரியாக நியமனம்) பெற்ற 2 ஆண்டில் கேப்டன், 6 ஆண்டில் மேஜர், 13 ஆண்டில் லெப்டினன்ட் கர்னல் என்று ஆனது. தேர்வு வாரியத்தில் தேறாதவர்களுக்கு 26 ஆண்டில் காலமுறைக் கர்னல் பதவி உண்டு. இவையெல்லாம் ஆண்டுக் கணக்கில் வருபவை. தகுதித் தேர்வும் உடல்தகுதியும் சரியாக இருந்தால் தேதியை நாமே விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எண்ணும்போது கவனிக்க வேண்டியது, எண்ணிக்கை எந்த நாளில் தொடங்குகிறது என்பதை. சில நுழைவுமுறைகளில் வந்தவர்களுக்கு முன்தேதியிட்ட மூப்பு உண்டு. படையில் அதை 'ஆன்ட்டி டேட்' என்பார்கள். ஒருவர் 2006 டிசம்பர் 9 அன்று கமிஷன் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். 13 ஆண்டு 2019 டிசம்பர் 9 அன்று முடியும். அவருக்கு ஓராண்டு முன்தேதி உரிமை இருந்து, ஆவணத்தில் ஏறாமல் போயிருந்தால், அவர் லெப்டினன்ட் கர்னல் ஆகியிருக்க வேண்டிய நாள் 2018 டிசம்பர் 9. இத்தகைய பிழைக்குச் சட்டப் போராட்டம் தேவையில்லை. உரிய விதியைச் சுட்டிக்காட்டிப் படைத் தலைமையகத்தின் எம்.எஸ். பிராஞ்ச் எனப்படும் ராணுவச் செயலர் கிளைக்கு முறைப்படி எழுதினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தேதி தள்ளிப்போன காரணம் மேஜருக்கான 'பார்ட் பி', லெப்டினன்ட் கர்னலுக்கான 'பார்ட் டி' தேர்வில் தாமதமாகத் தேறியதாக இருந்தால், அது பிழையே அல்ல. அதற்கு நேரம் செலவிட வேண்டாம்.

வாரியம் தேர்ந்தெடுத்து வரும் கர்னல் பதவியிலிருந்துதான் சிக்கல் பிடிக்கிறது. கர்னலுக்கு 3ஆம் எண் தேர்வு வாரியம், பிரிகேடியருக்கு 2ஆம் எண், மேஜர் ஜெனரலுக்கு 1ஆம் எண், லெப்டினன்ட் ஜெனரலுக்குச் சிறப்புத் தேர்வு வாரியம். வாரியம் பரிந்துரை மட்டுமே செய்யும். பதவியைப் பொறுத்துத் தரைப்படைத் தளபதியோ மத்திய அரசோ ஒப்புதல் தரும்வரை அதற்குச் சட்ட மதிப்பில்லை. 'போர்டு நடந்த நாளிலிருந்து எனக்குக் கொடுங்கள்' என்ற கோரிக்கை இதனால்தான் எடுபடுவதில்லை. ஒப்புதல் வந்தபின் பெயர் பேனலில், அதாவது உயர்வுக்குக் காத்திருப்போர் பட்டியலில், ஏறும். அதன்பிறகு காலியிடம் வரவேண்டும், மூப்பு வரிசைப்படி முறை வரவேண்டும், பொறுப்பை ஏற்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு: முதல் பரிசீலனை, முதல் மறுபரிசீலனை, இறுதி மறுபரிசீலனை. மூன்றிலும் தேறாவிட்டால் முற்றாகப் பின்தள்ளப்பட்டவர். பலரும் தவறவிடும் செய்தி ஒன்று இதற்குள் இருக்கிறது. மறுபரிசீலனையில் தேறினால் பதவி கிடைக்கும், ஆனால் தன் பேட்ச் தோழர்களோடு இருந்த மூப்பு போய்விடும். அதே சமயம், மேலதிகாரிகள் எழுதும் பணி மதிப்பீடான ரகசிய அறிக்கை ஒன்றின் மேல் புகார் கொடுத்து நிவாரணம் கிடைத்து, மாறிய பதிவேட்டோடு சிறப்புப் பரிசீலனை நடந்து அதில் தேறினால், பழைய மூப்பு அப்படியே நிற்கும். இரண்டு வழியிலும் தோளில் ஏறுவது ஒரே நட்சத்திரம்தான். தேதி மட்டும் வேறு. தேர்வுப் பதவிகளில் தேதித் தகராறு என்பது பெரும்பாலும் ஒரு ரகசிய அறிக்கையைப் பற்றிய தகராறாக இருப்பது இதனால்தான்.

தேதி தள்ளினால் என்ன போகிறது?

கௌரவம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 7ஆம் ஊதியக் குழுவுக்குப் பின் ஆண்டு ஊதிய உயர்வுக்கு ஜனவரி 1, ஜூலை 1 என்று இரண்டு நாட்கள். ஜனவரி 2 முதல் ஜூலை 1 முடியப் பதவி உயர்வு பெற்றவருக்கு அடுத்த ஊதிய உயர்வு வரும் ஜனவரி 1இல். ஜூலை 2 முதல் ஜனவரி 1 முடியப் பெற்றவருக்கு வரும் ஜூலை 1இல். 2019 ஜூலை 1 என்று தேதி விழுந்தவர் 2020 ஜனவரியில் உயர்வு வாங்குவார். ஜூலை 2 என்று விழுந்தவர் 2020 ஜூலைவரை காத்திருப்பார். ஒரே ஒரு நாள், ஆறு மாதத்தைத் தின்றுவிடுகிறது.

அதைவிடப் பெரிது ஓய்வு வயது. போர்ப்பிரிவுகளில் கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58. பிரிகேடியர் பேனலில் பெயர் இருந்தும் காலியிடம் வருவதற்குள் 54 நிரம்பிவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூப்பு வரிசையில் நான்கு இடம் கீழே இறங்கியதன் விலை இரண்டாண்டுப் பணியாகவும் வாழ்நாள் ஓய்வூதியமாகவும் இருக்கலாம்.

தள்ளிப்போவதற்கான காரணங்கள்

உடல்தகுதி ஒரு காரணம். 'ஷேப்' எனப்படும் மருத்துவத் தரவரிசையில் தற்காலிகமாகக் கீழிறங்கியிருந்தால் உயர்வு நிற்கலாம். மறு மருத்துவ வாரியம் தாமதமானது அதிகாரியாலா அலுவலகத்தாலா என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கான கடிதங்களைத் தேதிவாரியாக வைத்திருப்பவருக்கே வழக்கு உண்டு.

அடுத்தது 'டி.வி. பேன்' எனப்படும் ஒழுங்கு, கண்காணிப்புத் தடை. விசாரணையில் முதல்நோக்கில் குற்றம் தெரிந்தால் உயர்வை நிறுத்திவைப்பார்கள். பிறகு குற்றமற்றவர் என்று ஆனால் இழந்த தேதி திரும்ப வேண்டும். தடை எந்த நாளில் போடப்பட்டது, அந்த நாளில் விசாரணை எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதை முதலில் பாருங்கள். தடை போடத் தேவையான கட்டத்தை எட்டும் முன்பே போட்டிருந்தால், உங்கள் வாதம் அங்கேயே இருக்கிறது.

தண்டனையால் போன மூப்பு தனி வகை. ராணுவச் சட்டம் 1950இன் 84ஆம் பிரிவின்கீழ், லெப்டினன்ட் கர்னலுக்குக் கீழ்ப்பட்ட அதிகாரியை உயர் தளபதி சுருக்கமாக விசாரித்து, 12 மாதம்வரை மூப்பைப் பறிக்கலாம். ஆனால் அந்தத் தண்டனையைத் தருமுன், 'கோர்ட் மார்ஷலில் விசாரியுங்கள்' என்று கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததற்கான பதிவு இல்லையென்றால் தண்டனை ஆட்டம் காணும். இங்கே எதிர்க்க வேண்டியது தண்டனையை. தண்டனையை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் எதிர்ப்பது, வேரை விட்டுக் கிளையை வெட்டுவது.

'காலியிடம் அப்போதே இருந்தது, எனக்குத் தாமதமாகக் கொடுத்தார்கள்' என்பது அடிக்கடி கேட்கும் குறை. தனித்து நின்றால் இது பலவீனமான வாதம். 1989இல் கே.கே. வதேரா வழக்கில், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை விஞ்ஞானிகள் இதேபோல் கேட்டபோது, காலியிடம் உருவான நாளிலிருந்து பதவி உயர்வு தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அதே காலியிடத்தில் உங்கள் முறையைத் தாண்டி இளையவரை ஏற்றியிருந்தால் கதை வேறு.

கொள்கையே பிழையாக இருப்பதும் உண்டு. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரக் கமிஷன் வழங்கச் சொன்ன 2020 பபிதா பூனியா தீர்ப்புக்குப் பின், 2023 ஜனவரியில் சிறப்பு 3ஆம் எண் வாரியம் கூடி 244 பேரைப் பரிசீலித்து 108 இடங்களை நிரப்பியது. விடுபட்டவர்கள், ரகசிய அறிக்கைகளைக் கணக்கில் எடுக்க வைத்த வெட்டுத் தேதி நியாயமற்றது என்று வாதிட்டார்கள். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, மீண்டும் வாரியம் கூட்டச் சொன்னது.

புகார் போகும் பாதை

நேரே தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. ராணுவச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதிகாரிக்கு மத்திய அரசிடம் முறையிடும் உரிமையைத் தருகிறது. இதுதான் 'ஸ்டாட்யூட்டரி கம்ப்ளெய்ன்ட்'. விமானப்படைச் சட்டத்திலும் 27ஆம் பிரிவுதான். கடற்படைச் சட்டம் 1957இல் 23ஆம் பிரிவு. தரைப்படையில் அதற்கு முன்படியாகத் தளபதிக்கு எழுதும் 'நான் ஸ்டாட்யூட்டரி கம்ப்ளெய்ன்ட்' உண்டு. இரண்டும் கமாண்டிங் ஆபீசர் வழியாக, படிப்படியாக, ஒவ்வொருவரின் குறிப்போடும் மேலே போகும். ஒவ்வொரு மேசையிலும் தூங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். நான்கு பேருக்கு ஒரே குறை என்றாலும் நான்கு தனிப் புகார்களாகவே போக வேண்டும். கூட்டாகக் கையெழுத்திடுவதைப் படை ஒழுங்கு மீறலாகப் பார்க்கும். இரண்டாவது, மேலதிகாரியின் நடத்தையைப் பற்றித் தெரிந்தே பொய் எழுதினாலோ முக்கியத் தகவலை மறைத்தாலோ, 56ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டுவரை சிறை. கோபத்தில் எழுதிய முதல் வரைவை அனுப்பாதீர்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். மூன்றாவது, ரகசியம் என்று முத்திரையிட்ட கொள்கைக் கடிதத்தை எங்கிருந்தோ வாங்கி இணைக்காதீர்கள். அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, 'இதை வரவழைத்துப் பாருங்கள்' என்று கேட்டால் போதும். இணைத்தால் கேள்வி உங்கள் பக்கம் திரும்பும்: இது உங்களிடம் எப்படி வந்தது?

புகாரில் இருக்க வேண்டியவை எளியவை: கமிஷன் தேதி, முன்தேதி இருந்தால் அதன் உத்தரவு, ஒவ்வொரு பதவிக்குமான பார்ட் டூ உத்தரவு (பணி விவரங்களைப் பதிவுசெய்யும் உத்தரவு), வாரிய முடிவைச் சொன்ன கடிதம், பணியிட மாற்ற உத்தரவு, பொறுப்பேற்றதன் பதிவு, புனேயில் உள்ள அதிகாரிகள் கணக்கு அலுவலகம் அனுப்பிய சம்பளச் சீட்டு. ஒரு தாளில் நான்கு பத்தி வரைந்து, ஒவ்வொரு ஆவணமும் எந்தத் தேதியைச் சொல்கிறது என்று எழுதிப் பாருங்கள். பிழை எந்த ஆவணத்தில் முதன்முதலாக நுழைந்தது என்பது கண்ணில் பட்டுவிடும். கையில் இல்லாதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். பிறருடைய ரகசிய அறிக்கையை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு அலுவலகங்களில் இரண்டு தேதி கிடப்பது கற்பனையல்ல. ஜெனரல் வி.கே. சிங் தரைப்படைத் தளபதியாக இருந்தபோது, அவர் பிறந்த தேதி அட்ஜுடன்ட் ஜெனரல் கிளையில் 1951 மே 10 என்றும் எம்.எஸ். பிராஞ்சில் 1950 மே 10 என்றும் இருந்தது. சட்டப்படியான புகார் நிராகரிக்கப்பட்டு, விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2012 பிப்ரவரியில் மனுவை அவர் திரும்பப் பெற்றார். முந்தைய பதவி உயர்வுகளின்போது 1950ஐ ஏற்பதாக அவர் எழுதிக்கொடுத்த கடிதங்கள் அவருக்கு எதிராகவே நின்றன. பதவி உயர்வுத் தேதிக்கும் இது பொருந்தும். தவறான தேதியோடு உயர்வு வந்தால் பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் தேதியை ஒப்புக்கொள்ளவில்லை என்று அதே வாரத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்து, பெற்றதற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள்.

ஆறு மாதமும் ஆறு மாதமும்

ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2009 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. தலைமை அமர்வு டெல்லியில். சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் படையில் உயர்பதவி வகித்த நிர்வாக உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து விசாரிப்பார்கள். மூப்பும் பதவி உயர்வும் அதன் வரம்புக்குள் வருகின்றன.

சட்டத்தின் 21ஆம் பிரிவு, உள்வழிகளை முடித்துவிட்டு வா என்கிறது. புகார் கொடுத்து ஆறு மாதமாகியும் முடிவு வரவில்லையென்றால் முடித்ததாகவே கொள்ளலாம். 22ஆம் பிரிவு, இறுதி உத்தரவு வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போடு என்கிறது. உத்தரவே வரவில்லையென்றால், அந்த முதல் ஆறு மாதம் முடிந்ததிலிருந்து இன்னோர் ஆறு மாதம். புகார் 2024 ஜனவரி 10 அன்று கொடுத்திருந்தால், ஜூலை 10க்குப் பிறகு கதவு திறக்கும்; 2025 ஜனவரி 10 அன்று மூடும். தாமதத்தைத் தக்க காரணத்தோடு மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. மூப்பு வழக்கில் அதை நம்பி இருக்கக்கூடாது.

ஏன்? ஓய்வூதியம் குறைந்தால் அது உங்களுக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு. மூப்பு மாறினால் வரிசையில் நிற்கும் இன்னொருவர் கீழே இறங்குகிறார். படைவீரர் தர்செம் சிங்கின் ஊனமுற்றோர் ஓய்வூதிய வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைத் தெளிவாகக் கிழித்தது: சம்பளம், ஓய்வூதியக் குறை மாதாமாதம் புதிதாகப் பிறக்கும், தாமதமாக வந்தாலும் கேட்கலாம், மூப்பும் பதவி உயர்வும் பிறரைப் பாதிக்கும் என்பதால் தாமதம் உரிமையையே கொன்றுவிடும். 1974இலேயே, தமிழக அரசுக்கு எதிராக பி.எஸ். சதாசிவசாமி தொடுத்த வழக்கில், இளையவர் உயர்த்தப்பட்டதை எதிர்ப்பவர் ஆறு மாதத்துக்குள், மிஞ்சினால் ஓராண்டுக்குள் வர வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தால் காலம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை படை முகாம்களில் பரவலாக உண்டு. நிற்காது. பழைய குறைக்குப் புதிய பதில் வாங்கினாலும் செத்த கோரிக்கை உயிர்பெறாது என்பது 2008இல் சி. ஜேக்கப் வழக்கிலேயே முடிவானது.

மனுவில் என்ன கேட்பது?

'எல்லாப் பலன்களோடும் பதவி உயர்வுத் தேதியை மாற்றித் தர வேண்டும்' என்று ஒரே மூச்சில் எழுதுவதுதான் வழக்கமான தவறு. தீர்ப்பாயம் தேதியை மட்டும் மாற்றிவிட்டு, பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால், கணக்கு அலுவலகம் ஒரு ரூபாயும் தராது. மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: முதலில் மூப்பு, அதுவும் இன்னாருக்கு மேலே, இன்னாருக்குக் கீழே என்று, அடுத்து அந்தத் தேதியிலிருந்து கருத்தளவில், அதாவது நிலுவை இல்லாமல் கணக்கில் மட்டும், ஊதிய நிர்ணயம், கடைசியில் நிலுவைத் தொகை.

நிலுவைதான் கடினம். அந்தப் பதவியின் வேலையைச் செய்யாதவருக்குச் சம்பளம் ஏன் என்பார்கள். ஆயுதத் தொழிற்சாலை ஊழியர்களின் 1989 பாலூரு ராமகிருஷ்ணய்யா வழக்கில், முன்தேதியிட்ட உயர்வு தரப்பட்டும் பழைய சம்பளம் மறுக்கப்பட்டது. எதிர்ப்பக்கத்தில் 1991 ஜானகிராமன் தீர்ப்பு நிற்கிறது: வேலை செய்யத் தயாராக இருந்தவரை அவர் தவறில்லாமல் நிர்வாகமே தள்ளி வைத்திருந்தால், 'வேலையில்லை, சம்பளமில்லை' என்ற விதி தானாகப் பொருந்தாது. ஆகவே உங்கள் மனுவில் தாமதம் யாருடையது என்பது ஆவணத்தோடு வர வேண்டும். எந்தப் பக்கமும் பிழையில்லாத தாமதம் என்றால் கருத்தளவு நிர்ணயத்தோடு திருப்தி அடையத் தயாராக இருங்கள்.

உங்கள் மூப்பு ஏறினால் இறங்கக்கூடியவர்களை எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க மறக்காதீர்கள். நண்பர்களை வழக்கில் இழுக்கக் கூச்சமாக இருக்கும். சேர்க்காவிட்டால் அதைக் காட்டியே மனுவைத் தள்ளுபடி செய்யலாம். பலர் இருந்தால் பிரதிநிதியாகச் சிலரைச் சேர்க்க அனுமதி கேட்கலாம். பொதுக் கொள்கையை மட்டும் எதிர்க்கும் வழக்கில் இந்தத் தேவை தளரும்.

தோற்றால், பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டப் பிரச்சினை இருந்தால் தீர்ப்பாயத்தின் அனுமதியோ உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோ பெற்று மேல்முறையீடு செய்யலாம். 2015 முதல் சில ஆண்டுகள் உயர் நீதிமன்ற வழி ஏறக்குறைய அடைபட்டிருந்தது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பின், உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் உண்டு என்பது உறுதியாகிவிட்டது.

வென்றால் வேலை முடிந்ததென்று விட்டுவிடாதீர்கள். உத்தரவின் நகலோடு எம்.எஸ். பிராஞ்சுக்கு எழுதி, திருத்திய பதவி உயர்வு உத்தரவு, அதற்கான பார்ட் டூ, அரசிதழ்த் திருத்தம் மூன்றும் வந்தனவா என்று பாருங்கள். அடுத்து சம்பளச் சீட்டில் ஊதிய உயர்வு மாதம் மாறியதா என்று பாருங்கள். ஓய்வுபெற்றவரானால் திருத்திய ஓய்வூதிய ஆணை வர வேண்டும். தீர்ப்பில் சொன்ன கெடு கடந்தும் இவற்றில் ஒன்று குறைந்தால், அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்றல் மனுப் போடலாம்.